முறுக்குப் பாக்கெட்டும் என் வலது கண்ணும்

பல வருடங்களாகப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். ஆனால் என் வீடு மலையில் இருக்கிறது என்பது போன வருடம்வரை எனக்குத் தெரியாது. (சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிக்க வேண்டியதையும் சேர்த்து என் மனைவி சிரித்துவிட்டாள்.)

வீடு பண்டாரவளைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில். நான் பிறந்ததும் அங்கேதான். பிறந்த இடத்தை யாராவது மலை என்பார்களா? அது ஊர். மலை என்றால் நமுனுகுலை. யாராவது வேலையற்றுப்போய் ஏறிவிட்டு, இரண்டு நாள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிற இடம்.

ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் சமவுயரக் கோடுகள் வரைந்துகொண்டிருந்தபோது வலது கண்ணில் ஒரு கறுப்புத் திரை கீழேயிருந்து ஏறி வந்தது.

"யாருடா ஜன்னலச் சாத்துனது?"

"தெறந்துதான் சேர் இருக்கு."

எதிர்த்துப் பேசியதற்காக ஒருவனை எழும்பி நிற்க வைத்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. என் கண்தான் சாத்திக்கொண்டிருந்தது.

விழித்திரை கழன்றுவிட்டதாம். அவசர அவசரமாகக் கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. முடிந்ததும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். விழித்திரையை ஒட்ட வைக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பியிருக்கிறோம், அது தானாகக் கரையும். அதுவரை தலையைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். விமானத்தில் ஏறக் கூடாது, உயரமான மலைக்குப் போகக் கூடாது. போனால் பார்வைக்கே ஆபத்து.

"இந்த முழங்கால வச்சிக்கிட்டு நான் எந்த மலைக்கு டாக்டர் போகப் போறேன்?" என்றேன். அவரும் சிரித்தார். பாவம், நான் விலாசமாகக் கொடுத்திருந்தது கொழும்புக்குப் பக்கத்தில், கடலோர வத்தளையில் இருக்கும் என் மச்சான் வீட்டை.

அந்த வத்தளை வாசத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. குப்புறப் படுத்து, குப்புறச் சாப்பிட்டு, குப்புறவே மாத்திரை விழுங்கினேன். வியர்வை மூக்கு நுனிவரை வந்து, அங்கே நின்று யோசித்துவிட்டு விழும். நலம் விசாரிக்க வந்தவர்களை எல்லாம் பாதத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். "சேரோட மூஞ்சியப் பாக்காமப் போக மாட்டேன்" என்று ஊர்க்காரர் ஒருவர் தரையில் மல்லாந்து படுத்து, எனக்கு நேர் கீழே முகத்தை வைத்துக்கொண்டு பேசினார். பேசிக்கொண்டிருந்தவர் மின்விசிறிக் காற்றில் அப்படியே தூங்கிப்போனார். அவர் குறட்டையை நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

களைத்துப்போனேன். உடம்பு மட்டுமல்ல, மனமும்தான். எனக்கு என் கட்டில் வேண்டும், என் கம்பளி வேண்டும், ஊர்க் குளிர் வேண்டும். அடுத்த பரிசோதனையில் விழித்திரை நன்றாக ஒட்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், போதுமடா சாமி என்று பையைக் கட்டச் சொன்னேன்.

"டாக்டருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுட்டுப் போவோமேங்க" என்றாள் ஜெயந்தி, என் மனைவி. "மலைக்குப் போகக் கூடாதுன்னாரே."

"நாம போறது வீட்டுக்கு. நான் புவியியல் வாத்தியார். மலைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

(இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.)

பஸ்ஸில் தலையைக் கவிழ்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்த கண்டக்டர், வாந்தி எடுப்பதற்கு ஒரு சிலிசிலி பேக்கை, அதுதான் பொலித்தீன் பையை, என் கையில் திணித்துவிட்டுப் போனார். இரத்தினபுரியில் ஜெயந்தி ஒரு முறுக்குப் பாக்கெட் வாங்கி என் மடியில் போட்டாள். சாப்பிடத் தோன்றவில்லை. தலை கவிழ்ந்தவனுக்கு வேறு காட்சி ஏது? இடது கண்ணால் அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பலாங்கொடையில் பாக்கெட் தொளதொளவென்று கிடந்தது. பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியது. வலது கண்ணுக்குள் லேசாக ஒரு பாரம். ஹல்துமுல்லை வந்தபோது அது வலியாகி, பல்லைக் கடித்துக்கொண்டேன். பாக்கெட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இன்னும் சில வளைவுகள் போனதும் விரலால் அமுக்கிப் பார்த்தேன். விண்ணென்று உப்பியிருந்தது.

உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறையும், அடைபட்ட வாயு விரியும். உதாரணம்: பண்டாரவளைக் கடைகளில் தொங்கும் முறுக்குப் பாக்கெட். இதை வருடா வருடம் வகுப்பில் சொல்கிறவன் நான்தான். பிள்ளைகளைக் கடைக்கே கூட்டிப்போய்க் காட்டியும் இருக்கிறேன்.

"ஜெயந்தி! இந்தப் பாக்கெட்தான் என் கண்ணு!"

"என்னங்க உளர்றீங்க?"

"பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லு! எங்க வீடு மலையில இருக்கு!" என்று அலறினேன்.

"அது தெரியுந்தானே மாத்தயா!" என்றார் கண்டக்டர்.

பெரகலைச் சந்தியில் இறங்கினோம். ஜெயந்தி கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்து, பண்டாரவளைக்குப் போகிற வழியில் நிற்கிறோம் என்றாள். "உடனே கீழ எறங்குங்க. எந்தப் பக்கமா இருந்தாலும் பரவாயில்ல, எறங்குங்க" என்றது ஒரு பெண் குரல்.

பெரகலையிலிருந்து ஒரு பாதை வெல்லவாயவுக்கு இறங்குகிறது. ஓட்டோ பிடித்தோம். நான் பயந்துபோயிருந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. வலி மண்டையைப் பிளந்தது. இனி அந்தக் கண்ணால் இவளைப் பார்க்க முடியுமா என்று நினைத்ததும் அழுகை வந்தது. தலை கவிழ்ந்திருந்ததால் கண்ணீர் நேராகப் பாக்கெட்டின் மேலேயே விழுந்தது. ஜெயந்தி அதைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு வளைவிலும் அமுக்கிப் பார்த்து, "கொஞ்சம் எறங்கியிருச்சுங்க... இன்னும் கொஞ்சம் எறங்கியிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கொஸ்லாந்தை தாண்டியதும் வலி மெல்ல இறங்கத் தொடங்கியது.

கீழே ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு, கண்ணின் அழுத்தம் குறையும்வரை இருத்திவைத்தார்கள். கண் தப்பியது. ஆனால் வாயு கரையும்வரை மேலே ஏற முடியாது. வெல்லவாயவில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ரிஸ்வான் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தான். கட்டிலையும் அவனே தூக்கிப் போட்டுவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டான்.

"மத்திய மலைநாடு பாடத்தை நீங்கதானே சேர் எங்களுக்குப் படிப்பிச்சீங்க?"

வத்தளைச் சூட்டுக்குப் பயந்து ஓடி வந்தவன் வெல்லவாயச் சூட்டில் வாரக்கணக்கில் குப்புறக் கிடந்தேன். சாயங்காலத்தில் ஜெயந்தி வாசலில் நின்று, "நம்ம மலை தெரியுதுங்க" என்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சிமெந்துத் தரை. கண்ணுக்குள் இருந்த குமிழி நாளுக்கு நாள் சுருங்கி, ஒரு காலையில் காணாமல் போனது. டாக்டர் சரி என்ற பிறகுதான் பஸ் ஏறினோம்.

தலை நிமிர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வலது கண்ணால் பார்த்தால் தந்திக் கம்பங்கள் கொஞ்சம் நெளிந்து தெரிந்தன. (இன்றும் அப்படித்தான்.) ஆனால் தெரிந்தன. ஜெயந்தி மடியில் ஒரு புது முறுக்குப் பாக்கெட். பெரகலையில் அது உப்பியது. அவள் என் முகத்தையே பார்த்தாள். வலி இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பண்டாரவளைவரை நிறுத்தவில்லை.

இப்போதும் கீழேயிருந்து ஊருக்குத் திரும்பும்போது ஒரு பாக்கெட் வாங்காமல் அவள் பஸ் ஏறுவதில்லை. நான் அசந்து தூங்கினாலும், பெரகலைச் சந்தி வந்ததும் உப்பிய பாக்கெட்டால் என் தோளில் தட்டுவாள்.

"வாத்தியாரே, எழும்புங்க. மலை வந்துருச்சு."