உபயம் சின்னதாக, பெயர் பெரிதாக

நாம் தர்மத்துக்குக் கொடுக்கும் பொருட்களில் பெரும்பாலானவை, விற்கப் பார்த்து விலை போகாதவை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. என்னிடமிருந்த வெட்கம் முழுவதும் தொண்ணூறுகளின் கடைசியில், நெய்வேலி டவுன்ஷிப்பில், ஒரே மத்தியானத்தில் செலவாகிவிட்டது.

அப்போது நான் மைன்ஸ் ஸ்டோர்ஸில் நட்டு, போல்ட்டுகளுக்குப் பொறுப்பாளன். ரிட்டயராகி ஊருக்குக் கிளம்பிய பெரிய அதிகாரி ஒருவரிடமிருந்து அவருடைய சொகுசுக் காரை வாங்கினேன். கப்பல் போல நீளம். வெல்வெட் சீட்டு, ஜன்னலுக்குத் திரை, சிகரெட் பற்றவைக்கத் தனியாக ஒரு துளை (நான் சிகரெட் பிடிப்பதில்லை, ஆனாலும் வருபவர்களுக்கெல்லாம் துளையைக் காட்டுவேன்). என் குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீஸுக்குச் சைக்கிளில் எட்டு நிமிஷம். கார் ஸ்டார்ட் ஆகவே பத்து நிமிஷம். எனவே நான் சைக்கிளில் போனேன், கார் வீட்டில் இருந்தது.

பிள்ளைகள் பூப்பந்து ஆடும் இடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது. பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தியின் மனைவி அதன் பானெட்டில் வடாம் காயப்போட்டார். “நல்லா சூடு ஏறுதுங்க” என்றார். அந்தக் காரைப் பற்றி யாரும் வாய்விட்டுப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

விற்கப் பார்த்தேன். வந்தவர்கள் காரைச் சுற்றினார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். என் மனைவி ஸ்டெல்லா ஒருநாள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “யாருக்காவது சும்மா குடுத்துத் தொலைங்க. டீத்தூளாவது மிஞ்சும்.”

அந்த நேரம் பார்த்து எங்கள் மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளர் தேர்தல் வந்தது. இரண்டு கேரம் போர்டு, மூன்று தினசரி, ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடிக்கும் உரிமை. இவ்வளவுதான் பதவி. இதற்காக இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் கலியமூர்த்தியிடம் தோற்றிருந்தேன். அவர் மைன்ஸில் ராட்சத மெஷின் ஓட்டுகிறவர். எல்லா வீட்டுக் கல்யாணத்திலும் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பார். மூன்றாவது முறையும் தோற்றால் வேறு பிளாக்குக்கே குடிபோய்விடுவேன் என்று சபதம் செய்தேன். (“போங்க, அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்” என்றாள் ஸ்டெல்லா.)

வாளி தூக்கும் சாமர்த்தியம் இல்லாதவனிடம் கார் இருந்தது. மந்தாரக்குப்பத்தில் முதியோர் இல்லம் நடத்திய சிஸ்டர் பிலோமினாவிடம் போனேன்.

“கார் ஓடுமா சார்?”

“ஓடும் சிஸ்டர்.”

“ஓட்டிக்கினு வந்தீங்களா, தள்ளிக்கினு வந்தீங்களா?”

“பாதிப் பாதி” என்றேன்.

சிஸ்டர் வாங்கிக்கொண்டார். ஆனால் கொடுத்தது நான்தான் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? ஒற்றை ட்யூப்லைட் கொடுக்கிறவரே வெளிச்சத்தை மறைத்துத் தன் பெயரை எழுதிவைக்கிறார். நான் கொடுத்தது முழுக் கார். கடைத்தெருவிலிருந்து பெயின்டரை அழைத்துவந்து பானெட்டைக் காட்டினேன்.

“மேல ‘உபயம்’னு சின்னதாப் போடு. கீழ பேரைப் பெருசாப் போடு.”

“எவ்ளோ பெருசுங்க?”

“ஷிப்டு பஸ்ஸுல உக்காந்துகினு படிக்கணும்.”

படித்தார்கள்.

தேர்தலுக்கு நான்கு நாள் இருந்தது. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வாக்காளர்களுக்கு நோட்டீஸ் அடிக்க வடலூர் அச்சகத்துக்குப் பஸ் ஏறினேன். அதே நாள் காலையில் இல்லத்துப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். மேல்பட்டாம்பாக்கத்தில் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. சொல்லிவைத்த வேன் வரவில்லை. சிஸ்டர் யோசித்தார். காரின் பின்சீட்டைக் கழற்றச் சொன்னார். டிக்கி வழியாகப் பெட்டியை உள்ளே தள்ளினார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியதாம். பானெட்டின் மேல் ஒரு பெரிய ரோஜா மாலை.

மத்தியானம் இரண்டு மணி. முதல் ஷிப்டு முடிந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வீடு திரும்பும் நேரம். அவர்கள் முன்னால் அந்தக் கார் நடக்கிற வேகத்தில் போயிற்று (அதன் உச்ச வேகமே அதுதான்). நம் பக்கத்தில் இறுதி ஊர்வல வண்டியின் முன்னால் இறந்தவர் பெயரைத்தான் ஒட்டுவார்கள். சின்னதாகப் போட்ட ‘உபயம்’ மாலைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. வெளியே தெரிந்தது இவ்வளவுதான்: எஸ். ஆரோக்கியசாமி, ஸ்டோர்ஸ்.

நாலு மணிக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கி, சைக்கிளில் நோட்டீஸ் கட்டோடு வீடு வந்தேன். பிளாக் முழுக்கக் கூட்டம். மடக்கு நாற்காலிகள். சாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி போய்விட்டார் என்று முடிவு செய்தேன். நிஜமாகவே துக்கப்பட்டேன். அடுத்த நொடியே, அப்படியென்றால் போட்டியின்றித் தேர்வு என்பதும் நினைவுக்கு வந்தது. (இந்த வரியைக் கலியமூர்த்தி படிக்காமலிருக்க வேண்டும்.)

ஆனால் கலியமூர்த்தி என் வீட்டு வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

“ரெண்டு தபா எங்கிட்ட தோத்தாரு. ஒரு நாளு மூஞ்சி சுளிச்சிருப்பாரா? (சுளித்திருக்கிறேன்.) செகரட்டரி நாற்காலி அவுருக்குத்தான்யா லாயக்கு! உசுரோட இருந்திருந்தா இந்தத் தபா நானே விட்டுக் குடுத்திருப்பேன்!”

யாரோ அருமையான மனிதர் போலிருக்கிறது என்று எனக்கும் கண் கலங்கியது. முன்னால் நின்றவரிடம் கேட்டேன்: “யாருங்க போனது?”

“ஸ்டோர்ஸ் ஆரோக்கியசாமி” என்றார் திரும்பாமலே. “நல்ல மனுஷன். பீத்தல்தான் கொஞ்சம் ஜாஸ்தி.” பிறகு திரும்பினார். அவர் போட்ட கூச்சலில் சாமியானாக் கம்பு ஒன்று சாய்ந்தது.

ஸ்டெல்லா அடுப்படியில் கூட்டத்துக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். மறுபடியும் அந்தக் காருக்காக டீ. அழவில்லையா என்று கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டேன்.

“எதுக்கு அழணும்? அவரு அந்தக் கார்ல ஏறிப் போயிருக்கவே மாட்டாருன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். அதுல ஏறினா ஊர் போய்ச் சேர முடியாதுன்னு உங்களவிட யாருக்குத் தெரியும்? ஒருத்தரும் கேக்கல. சரி, டீயாவது குடிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

நான் வாசலுக்கு வந்து கலியமூர்த்தியின் கையைப் பிடித்தேன். “விட்டுக் குடுத்திருப்பேன்னு சொன்னீங்களே?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அது செத்தவருக்குச் சொன்னதுங்க. நீங்க பாட்டுக்கு உசுரோட வந்து கேட்டா எப்புடி?”

மூன்றாவது முறையும் தோற்றேன். மாலை வாங்கிவந்து ஏமாந்தவர்கள் ஒருவர்கூட எனக்கு ஓட்டுப் போடவில்லை என்று கேள்வி. ஸ்டெல்லா வர மறுத்ததால் பிளாக்கையும் மாற்றவில்லை.

அந்த வாரமே சிஸ்டரிடம் ஓடி, பெயரை அழித்துவிடச் சொன்னேன். அவர் காரைப் பரிவோடு பார்த்தார். சுற்றுவட்டாரத்து ஏழை வீடுகளின் சாவுகளுக்கு இனி அதை இலவசமாக அனுப்பப் போவதாகச் சொன்னார்.

“பேரு இருக்கட்டும் சார். ஒருநாள் உங்களுக்கும் வேணுமில்ல? அப்போ திரும்ப எழுதற வேலை மிச்சம்.”

பெயர் இருந்தது. காரும் பல வருஷம் ஓடியது. மந்தாரக்குப்பத்தில் யாராவது சீரியஸாகப் படுத்தால், ‘ஆரோக்கியசாமி வண்டிக்குச் சொல்லிடலாமா?’ என்று உறவினர்கள் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்வார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசைக்கு எழுந்திருக்காமல் புரண்டால், ஸ்டெல்லா இன்றும் கதவருகே வந்து நிற்கிறாள்.

“எழுந்துக்கறீங்களா, சிஸ்டருக்குப் போன் போடட்டுமா?”

எழுந்துவிடுகிறேன். பின்சீட்டைக் கழற்றிய பிறகு அந்தக் காரில் படுத்துக்கொண்டு போவது வெகு சௌகரியம் என்கிறார்கள். போனவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.