சீப்பாயா கட்டிய பிராது

பிள்ளைகளே, அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்துப் பேன்களுக்கெல்லாம் எமனாக இருந்தவர் ஒரு பெண். பெயர் சீப்பாயா. பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஆரம்பப் பள்ளியில் மதியச் சோறு ஆக்கிப் போட்டவர் அவர். சோற்றுக் குண்டானை இறக்கி வைத்த கையோடு இடுப்பிலிருந்து பேன்சீப்பை உருவுவார். ஐந்தாம் வகுப்பு முரடர்கள்கூடச் சுவரேறிக் குதித்து ஓடுவார்கள்.

ஊர் முழுக்கப் பீங்கான் கம்பெனிகள். என் அப்பாவும் அதில் ஒன்றில்தான் அச்சு வார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை மண் தூசு எல்லார் தலையிலும் படிந்திருக்கும். எது தூசு, எது ஈர் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. ஆயாவுக்குத் தெரியும். தலையைக் குனியவைத்து ‘ஃபூ’ என்று ஊதுவார்.

“மண்ணுன்னா பறந்துடும்டா. ஈருன்னா கெட்டியா புடிச்சிக்கும். அதுக்குத் தெரியும் வூட்டோட அரும!”

ஒருநாள் பள்ளியைச் சோதிக்க வந்த அதிகாரி குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ‘ஃபூ’.

“பறக்கல சார். சாயங்காலம் வூட்டுக்குப் போறதுக்குள்ள ஒருதரம் வந்து குந்துங்க.”

தலைமையாசிரியரின் முகம் சூளைக்குப் போகாத பொம்மைபோல வெளுத்துவிட்டது.

இப்படிப்பட்டவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பிடித்த பேன்களை விரிசல் விட்ட பீங்கான் சாசரில் போட்டு எண்ணுவார். பிறகு பள்ளிக்கூட வாசலில் நின்று, எந்த வீட்டுக்கு எத்தனை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். அதைக் கேட்டாவது தாய்மார்கள் தலை வாருவார்கள் என்பது அவர் கணக்கு.

“மாணிக்கம் வூடு, பதினாலு!”

மாணிக்கம் என் அப்பா. அந்தத் தலை என் தங்கை செல்வியுடையது. இரண்டாம் வகுப்பு படித்தாள். இடுப்பு வரை முடி. அம்மாவுக்கு அந்த முடியில் அத்தனை பெருமை.

அன்று மாலை தெருக்குழாயில் ஒருத்தி சொன்னாள்: “பதினாலு வூட்டுக்காரி வந்துட்டாடி. கொடத்தத் தள்ளி வையி, ஏறிக்கப் போவுது.”

அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள். மறுநாள் சனிக்கிழமை, அப்பா வேலைக்குப் போனதும், மல்லாட்டைச் செடிக்கு, அதாவது நிலக்கடலைக்கு, அடிக்க நல்லூர் மாமா வாங்கி எங்கள் வீட்டில் வைத்திருந்த மருந்தை எடுத்தாள். பூச்சியைக் கொல்கிற மருந்து பேனைக் கொல்லாதா என்று நினைத்தாள். எண்ணெயில் குழைத்துச் செல்வியின் தலையில் தேய்த்தாள். துணியால் இறுக்கிக் கட்டினாள்.

“அப்பிடியே வெயில்ல குந்து. திங்கக்கெழம அவ எண்ணட்டும், பாக்கலாம்.”

கொஞ்ச நேரத்தில் செல்வி வாந்தி எடுத்தாள். வாயில் எச்சில் ஒழுகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அக்கம்பக்கத்தார் காத்துக் கருப்பு என்றார்கள். வேப்பிலை ஒடிக்க ஒருவர் ஓடினார். நான் அடுத்த சந்திலிருந்த சீப்பாயாவிடம் ஓடினேன்.

ஆயா வந்து துணியை முகர்ந்து பார்த்தார்.

“இன்னாத்தடி தடவின?”

“பயிரு மருந்துக்கா. நீங்கதான பதினாலுன்னு...”

அம்மா முடிப்பதற்குள் ஆயா செல்வியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். வரிசையில் இருந்த குடங்களைக் காலால் உதைத்துத் தள்ளினார். சோப்புப் போட்டுக் கழுவினார்; மறுபடி போட்டுக் கழுவினார். பிறகு ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்.

“கழுவாம தூக்கிட்டு வந்திருந்தா எனக்கு இங்க வேலையே இருந்திருக்காது” என்றார் டாக்டர். முடியை மழித்தார்கள். செல்விக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் ஆயா என்னை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனார். அங்கே மனக்குறையைப் புகார்போலத் தாளில் எழுதிப் பிராதாகக் கட்டினால் சாமி விசாரிப்பார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. ‘என் தங்கச்சிக்குக் குணமாக வேண்டும்’ என்று நான் ஆரம்பித்தேன்.

“அது வேண்டுதல்டா. நான் பிராது குடுக்க வந்துருக்கேன். எழுது. பள்ளிக்கூடத்துல சோறாக்குற ஒருத்தி, ஒரு கொழந்த மானத்தத் தெருவுல ஏலம் போட்டா. தண்டனைய அவளுக்குக் குடு.”

கட்டுகிற இடத்தில் இருந்தவர் படித்துவிட்டு, “யாரும்மா இவ?” என்றார்.

“நான்தாங்க.”

“தன் மேலயே யாராச்சும் பிராது கட்டுவாங்களா?”

“பக்கத்து வூட்டுக்காரன் மேல கட்டுனா மட்டும் வாங்கிக்கிறீங்க? கட்டுய்யா பேசாம!”

மூன்றாம் நாள் செல்வி தெளிந்து கண்ணைத் திறந்தாள். தலையைத் தடவிப் பார்த்தாள். “என் முடிய யாரு எடுத்தா?” என்று ஆஸ்பத்திரி அதிரும்படி அழுதாள். அம்மாவும் ஆயாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அதைவிடச் சத்தமாக அழுதார்கள்.

குறை தீர்ந்தால் பிராதைத் திரும்பப் பெற அதே கோயிலில் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாவே போய் அழைத்தாள். “வாங்கக்கா, குடுத்துட்டு வந்துடலாம்.”

“நீ போடி. கேஸு நடக்கட்டும்.”

அதன்பின் ஆயா சமையல் கொட்டகைக்குப் பின்னால், ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்காரவைத்துத்தான் பார்த்தார். எத்தனை என்று அந்தப் பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளே, பேன் யார் தலையிலும் ஏறும். தலையோடு தலை ஒட்டி விளையாடினால் போதும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் சீப்பும் பொறுமையும் செய்கிற வேலையைப் பயிர் மருந்திடம் கொடுத்துவிடாதீர்கள்.

செல்வி ஒன்பதாவது படிக்கும்போது ஆயா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் செல்வி ஒரு தாளில் ஏதோ எழுதி மடித்துக்கொண்டு, என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள்.

“ராஜினாமான்னா பிராது கட்டுனவங்கதாம்மா வரணும்” என்றார் அங்கிருந்தவர்.

“அவங்க வரமாட்டாங்க. அந்தப் பிராதுல இருக்குற கொழந்த நான்தாங்க.”

அவர் தாளைப் பிரித்தார். ஒரே வரிதான் இருந்தது.

‘சாமி, எங்கள் ஆயா மேல் யாருக்கும் வழக்கு இல்லை.’