காந்தத் தொட்டியும் சும்மா தொட்டியும்

அறிவியல் கண்காட்சி என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தால் போதும், அதுவரை நாற்காலியில் சரிந்து கிடந்த ஒரு பிராணி நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எங்க, அதை இப்படிக் குடு" என்று கை நீட்டும். இதற்குப் பெயர் ப்ராஜெக்ட் அப்பா. கண்காட்சி குழந்தைக்கு; ஆராய்ச்சி இவருக்கு. கத்தரிக்கோல், பசை, வீட்டில் ஒழுங்காக எழுதும் ஒரே பேனா எல்லாம் இவர் கைக்குப் போய்விடும். குழந்தைக்கு மிஞ்சுவது அட்டையைப் பிடித்துக்கொள்ளும் வேலை. அதையும் நேராகப் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்கும்.

இவரை டாக்டர் வீட்டிலும் பார்க்கலாம். "எங்கேம்மா வலிக்குது?" என்று டாக்டர் குழந்தையைக் கேட்பார். "வயித்துல டாக்டர்" என்று இவர் சொல்வார். குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்து இவருக்கு முகம் மழித்துவிடுவதே நான்தானே.

என் தொழில் ஸ்பீக்கர் ரிப்பேர். வீட்டின் முன்னறைதான் கடை. ஸ்பீக்கரின் முதுகில் ஒரு காந்தம் இருக்கும். இருபது வருஷமாக அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதால், காந்தம் என்ற பேச்சு வந்தாலே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிடும். ஆகவே ஏழாவது படிக்கும் என் மகள், "செடிப் பக்கத்துல காந்தம் வச்சா நல்லா வளருமான்னு பாக்கப் போறேம்பா" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? வளரும்!"

"அது தெரியாதுப்பா. அதான் பாக்கப் போறேன்."

"நான் சொல்றேன்ல?"

அவள் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஜன்னலோரம் இரண்டு தொட்டிகள். இரண்டிலும் ஒரே மண், மும்மூன்று பயறு விதை. ஒன்றுக்குக் காந்தத் தொட்டி என்று பெயர், மற்றதற்குச் சும்மா தொட்டி. அவள் கேட்டது சின்னதாக ஒரு காந்தம். நான் கொடுத்தது, சுருள் கருகிப்போன ஒரு பெரிய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய, ஒரு கையால் தூக்க முடியாத காந்தம். பெற்ற மகளுக்குச் சின்னக் காந்தமா கொடுப்பார்கள்? பள்ளி விட்டு வந்ததும் இருமல் மருந்து மூடியால் அளந்து இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவாள், ஸ்கேல் வைத்து உயரம் பார்ப்பாள், எழுதுவாள். சுவரில் ஒரு காகிதமும் ஒட்டியிருந்தாள்: "யாரும் தொடக் கூடாது." யாரும் என்றால் வெளியாட்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கடைக்கு வந்த ஒருவரையும் நான் சும்மா விடவில்லை. ஸ்பீக்கர் கொடுக்க வந்தவர், வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர் எல்லோருக்கும் காந்தத்தின் மகிமையைச் சொன்னேன். ஆறாம் நாள் மைக்செட்காரர் வந்தார். ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, ரெண்டும் ஒரே மாதிரி நிக்குது?"

ஒரே மாதிரியா? உற்றுப் பார்த்தேன். சும்மா தொட்டி ஒரு நூல் கூடுதலாகவே நின்றது.

"காந்தம் வீக்கா இருக்குமோ?" என்றார்.

வீக்கா! என் காந்தமா! வேறு யாராவது சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இந்த மனிதருக்கு எட்டு ஸ்பீக்கர் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஜன்னலுக்குப் போனேன். காந்தத் தொட்டிக்கு இரண்டு மூடித் தண்ணீர். அதற்கடுத்த நாள், வெளிச்சம் நன்றாக விழும் பக்கம் ஒரு தள்ளு. அதற்கும் அடுத்த நாள், மனைவியின் ரோஜாவுக்கு வாங்கி வைத்த உரத்தில் ஒரு சிட்டிகை. இதை ஏமாற்று என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறிவியல் கொஞ்சம் தயங்கி நின்றது, பின்னால் நின்று ஒரு கை கொடுத்தேன், அவ்வளவுதான்.

மனைவி ஒரு தரம் பார்த்துவிட்டாள். அவள் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். வலிக்கவே இல்லை என்று சாதிக்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள்.

"என்ன பண்றீங்க அங்க?"

"வெயில் படுதான்னு பாக்கறேன்."

"வெயில் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காந்தத் தொட்டி கிடுகிடுவென்று வளர்ந்தது. மைக்செட்காரரை ஆள் விட்டு வரவழைத்துக் காட்டினேன். மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அளந்து எழுதிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் கண்காட்சி. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவள் மேஜையில் நான்கு தொட்டிகள் இருந்தன. நமக்கு இரண்டுதானே என்று மறுபடி எண்ணினேன். நான்குதான். புதிய தொட்டி ஒன்றின் அடியில், ஒரு வாரமாக நான் கடை முழுக்கத் தேடிக்கொண்டிருந்த சின்னக் காந்தம் இருந்தது.

மேலே அட்டையில், அவள் கையெழுத்தில், இப்படி எழுதியிருந்தது: "முதல் ஜோடி, வீட்டு ஜன்னல். ஏழாம் நாளிலிருந்து நான் தண்ணீர் ஊற்றும் முன்பே காந்தத் தொட்டி ஈரமாக இருந்தது. ஆகவே இரண்டாவது ஜோடி, அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரி ஜன்னல். பன்னிரண்டு நாளில் காந்தம் வைத்தது பதினான்கு சென்டிமீட்டர், வைக்காதது பதினான்கே கால். முடிவு: காந்தத்தால் வித்தியாசம் இல்லை. அப்பாவால் நான்கு சென்டிமீட்டர்."

நடுவராக வந்த வாத்தியார் இரண்டு தரம் படித்தார். "ஏம்மா, சரியா வந்த ரெண்டை மட்டும் வச்சிருக்கலாமே?"

"நடந்ததைத்தானே சார் எழுதணும்?"

"இந்த அப்பாங்கறது யாரு?"

அவள் கையை நீட்டினாள். நான் பக்கத்து மேஜையில் எரிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எரிமலைக்குத்தான் முதல் பரிசு கிடைத்தது. அதைக் கட்டியவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும்; நல்ல கைவேலை; கை குலுக்கிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் ஆளுக்கு இரண்டு தொட்டியைச் சுமந்துகொண்டு நடந்தோம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா அங்கயும் வந்து பாத்துப்பீங்களேப்பா."

தொட்டிகளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நானா செஞ்சா நல்லா வராதுன்னு நினைச்சீங்களா?"

ஐயோ, அப்படி இல்லவே இல்லை என்று தொண்டை வரை வந்தது. அவளைக் குறைவாக நினைக்கவில்லை, அது சத்தியம். அந்த மூன்று வாரமும் நான் காந்தத்தை நினைத்தேன், மைக்செட்காரரை நினைத்தேன், என் பெயரை நினைத்தேன். அவளை ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. இதை எப்படிச் சொல்வது? "தப்புதாம்மா" என்றேன். என் கையிலிருந்த தொட்டியை எட்டிப் பார்த்து, "சாய்க்காதீங்க, மண்ணு கொட்டுது" என்றாள். நேராகப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அவள் வேறு ஏதோ ஆரம்பித்திருக்கிறாள். ஜன்னலில் மூன்று கண்ணாடி டம்ளர்கள், காகிதம் சுற்றி மூடிக் கிடக்கின்றன. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவிப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சந்தோஷம். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் வைத்த தொட்டி ஏதாவது ஜன்னலோரம் இருக்கிறதா? மண் காய்ந்திருக்குமோ? எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள்.