மாசி மகத்தன்று கடல் கொடுத்த பந்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், குக்கர் விசில் அடிக்கும். சாமியே வேண்டாம் என்கிறது என்று எழுந்துவிடுவேன். (எதிலும் சகுனம் பார்க்கிற புத்தி எனக்கு. இந்தக் கூத்தே அதனால் வந்ததுதான்.) ஆனால் எங்கள் தெருவில் இந்தக் கதை என்னைக் கேட்காமலே வளர்ந்துகொண்டு போகிறது. விம்கோ நகர் பக்கம், நான் ஒரு பந்துக்குக் கோயில் கட்டக் கிளம்பினேன் என்றுகூடப் பேச்சாம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரே மகள், செல்வி. கடலைப் படித்தவள். திருவொற்றியூரில் பிறந்தவளுக்குக் கடலில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தவள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறென்ன தோன்றும்? மற்ற பெண்கள் ஏசி ரூமில் வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். இவள் படகில் போய், வெயிலில் வெந்து, உப்பு பூத்த சட்டையோடு வந்து நிற்பாள்.

அந்த மாசியில் அவளுக்கு ஆராய்ச்சிக் கப்பலில் போக வாய்ப்பு வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் நடுக்கடலில் இருக்க வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். "கப்பல்னா நமக்குப் புச்சா? இன்னாத்துக்குப் பேஜார் பண்ற?" என்று மகள் பக்கம் சாய்ந்துவிட்டார். மனிதர்களிடம் எடுபடாததை நான் எங்கள் ஊர் அம்மன் வடிவுடையம்மாவிடம்தான் கொண்டுபோவேன்.

மாசி மகத்தன்று சாமி கடலாட வந்திருந்தது. கரை கொள்ளாத கூட்டம். தண்ணீரில் இறங்கி, "தாயே, அந்தக் கப்பல் பயணத்தை எப்படியாவது நிறுத்திடு" என்று வேண்டிக்கொண்டு முங்கினேன். எழுந்தால் இடுப்பில் ஏதோ முட்டுகிறது. பரங்கிக்காய் அளவில் ஒரு வெள்ளைப் பந்து. மேலெல்லாம் பாசி. அடியில் கிழிந்த துணி, வால் மாதிரி தொங்கியது. ஒட்டியிருந்த ஆங்கில எழுத்து பாதி உரிந்திருந்தது. கேட்ட வாயை மூடுவதற்குள் அம்மன் கையில் கொடுத்துவிட்டாள், இதைவிட எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மா, "இன்னாக்கா, தர்பூஸ் பழமா?" என்றாள். பிரசாதம் என்றேன். பாவம், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போக, நல்ல தண்ணீர் டிரம்மில் ஊறப்போட்டேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் சேர்க்கமாட்டோம். ஃப்ரிட்ஜுக்கு வைத்தோம், வாஷிங் மெஷினுக்கு வைத்தோம். இதற்கும் வைத்தேன். அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதுதான் முகம் போலிருக்கிறது என்று அங்கே கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன். பூஜை அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாம்பிராணியும் காட்டினேன்.

மத்தியானம் செல்வி போன் செய்தாள். குரலே சரியில்லை. எண்ணூரில் எண்ணெய் கொட்டினால் அது எந்தக் கரைக்குப் போகும் என்று தெரிந்துகொள்ள, ஒரு மிதவையைக் கடலில் விட்டிருப்பதாக முன்பே சொல்லியிருந்தாள். போகிற வழி, தண்ணீரின் சூடு, உப்பு எல்லாவற்றையும் அது சாட்டிலைட் வழியாக அனுப்புமாம். அவள் தனிப் பொறுப்பில் விட்ட முதல் மிதவை. (மிதவை என்றால் ஹார்பரில் நிற்கும் ராட்சசப் பீப்பாய் என்று நான் நினைத்திருந்தேன்.)

"கரைக்கு வந்தத யாரோ தூக்கினு பூட்டாங்கமா. ரோட்டு மேல போச்சு, அப்பால எந்த எடம்னே சரியா காட்டல. உப்பே இல்லன்னு காட்டுது, சூடு ஏறினே கீது. ஒடச்சுக் கொளுத்துறானுங்க போல."

ஒரு மிதவையைக் காப்பாற்றத் தெரியாதவளை நம்பி எப்படிக் கப்பலில் அனுப்புவது என்று மேலதிகாரியம்மா கேட்டுவிட்டாராம்.

எடுத்தவனை விட்டேனா? அவன் கை விளங்காது, கால் விளங்காது, அவன் வீட்டில் காய்ச்சுகிற பால் திரிந்துபோகும் என்று ஆரம்பித்து, அவன் பிள்ளை குட்டி வரைக்கும் போனேன். (அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் பால் திரிந்தது சத்தியம்.) போனைக் காதில் இடுக்கிக்கொண்டே, "தாயே, என் பொண்ணு பொருள கண்ணுல காட்டு" என்று அலமாரி முன்னால் நின்று கற்பூரம் ஏற்றினேன். அந்தப் பந்துக்கும் சேர்த்துத்தான் காட்டினேன்.

"அத்து பாக்க எப்டி கண்ணு இருக்கும்?"

"வெள்ளையா, பந்து கணக்கா. அடில துணி வால் ஒண்ணு தொங்கும்."

தட்டு கையிலேயே நின்றுவிட்டது.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். துணியில் சுற்றிப் பரணில் போட்டால் யாருக்குத் தெரியும்? கப்பல் பயணம் நின்றுவிடும். நான் கேட்டதும் அதுதான், கேட்டபடியே வந்திருக்கிறது. ஆனால் போனில் செல்வி அழுதுகொண்டிருந்தாள். விழுந்து கை உடைந்தபோதுகூட அழாத பெண். சாமி ஒன்றைக் கையில் கொடுப்பது நாம் வைத்துக்கொள்வதற்காகத்தானா என்று அப்போதுதான் எனக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

"எங்கிட்டதான் கீது, கண்ணு" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்த சூடு?"

"வெளக்கு."

"உப்பு?"

"டிரம்முல ஊறப்போட்டேன்."

"அடில துருத்தினு கீற சென்சார் மேல இன்னாமா பண்ண?"

"சந்தனம்."

மறுநாள் நானே அவளோடு ஆபீசுக்குப் போய், தப்பு என்னுடையது, பெண்ணுடையது இல்லை என்று மேலதிகாரியம்மா முன்னால் நின்றேன். அவர் திட்டவில்லை. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டினார். கடலில் வளைந்து, சுற்றி, திரும்பி, கடைசியில் எங்கள் கரையில் வந்து முடிந்தது. கரை தொட்ட வரைக்கும் எல்லாம் நல்ல கணக்கு, இங்கே ஒதுங்கியதும் தெரிய வேண்டிய சங்கதிதான், அதற்குப் பிறகு உள்ளதை மட்டும் தள்ளிவிடலாம் என்றார். பொருள் திரும்பியதால் கப்பலில் செல்வியின் இடமும் நிலைத்தது.

"இத்த தினம் பாத்துனே இருந்தியா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"எழுந்ததும் மொத வேலயே அத்தாம்மா. எங்க போச்சோ, இன்னா ஆச்சோன்னு."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் டோல்கேட்டில் பஸ் ஏறியதிலிருந்து வீடு வந்து சேரும் வரை எனக்கும் அதுதானே வேலை.

கப்பல் கிளம்பிய அன்று கோயிலுக்குப் போனேன். நிறுத்து என்று கேட்கவில்லை. வழியில் யார் கையிலும் மாட்டாமல் கரை சேர்த்துவிடு என்று மட்டும் கேட்டேன். அதன் பிறகு அவள் எத்தனையோ பயணம் போய்விட்டாள். இப்போது அவளுக்குக் கீழே பிள்ளைகள் வேலை கற்கிறார்கள். நம்பக்கூடாத கணக்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்ட அந்த உப்பில்லாத நாளைத்தான் எடுத்து வைப்பாளாம். "இது எங்கம்மா" என்பாளாம். வீட்டிலும் சாவியைக் காணோம், மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்றால் அவள் அப்பா தேடுவதில்லை. "மொதல்ல எடுத்தவன நல்லா திட்டு, அப்பால உன் இடுப்புல பாரு" என்பார்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை யாருக்குச் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். சிரிப்புக்காக எதையும் கூட்ட வேண்டாம். மகள் அழுததும் தாய் உடனே ஒப்புக்கொண்டாள் என்று என்னை நல்லவளாக்கவும் வேண்டாம். தட்டில் கற்பூரம் முழுசாக எரிந்து அணைகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.