பத்தாவது தட்டு

“இன்னிக்கு என் செலவு” என்று சொல்லி வாயை மூடுவதற்குள், சட்டைப் பையில் இருப்பது நூற்று அறுபது பெசோதான் என்பது எவோதியோவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் யாதிரா அதற்குள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வார்த்தையைத் திரும்ப வாங்குவது நடக்கிற காரியமில்லை.

“நிஜமாவா? எனக்குப் பசி உயிர் போகுது. அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

“நான் எதுக்கு வருத்தப்படறேன்? வயிறு நிறையச் சாப்பிடு.”

அன்று தேதி பதின்மூன்று. சம்பளம் வருவது பதினைந்தாம் தேதி. மெக்சிகோ நகரத்தில் பதின்மூன்றாம் தேதி ராத்திரி ஒரு பெண்ணைச் சாப்பிடக் கூப்பிடுகிறவன் பணக்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காதலில் விழுந்தவனாக இருக்க வேண்டும். எவோதியோ ஒரு செருப்புக் கடையின் சரக்கு அறையில் வேலை பார்ப்பவன். அவன் இதில் எந்த வகை என்பதை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

யாதிரா அதே கடையில் கல்லாவில் உட்காருபவள். இரண்டு வருடமாக அவன் அவளிடம் பேசியதெல்லாம் “இருபத்து மூணாம் நம்பர்ல கறுப்பு தீர்ந்துடுச்சு” என்கிற ரகம்தான். இன்று வருடக் கணக்கெடுப்பு. பெட்டி பெட்டியாக எண்ணி முடித்து வெளியே வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டி, கடைசி மெட்ரோவும் போயிருந்தது. அப்போதுதான் அவள் “பசிக்குது” என்றாள், அவன் “என் செலவு” என்றான்.

“போர்த்தாலெஸ் சந்தைக்குப் பின்னாடி ஒரு டாக்கோ வண்டி இருக்கு. அங்கதான் போகணும்” என்றாள் யாதிரா. வேறு இடத்தின் பேரைச் சொல்லவே அவள் விடவில்லை.

வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். கம்பியில் செருகிய பன்றிக்கறி நெருப்புக்கு முன்னால் சிவக்கச் சிவக்கச் சுற்ற, மீசைக்கார மனிதர் ஒருவர் நீளக் கத்தியால் அதைச் சீவிச் சீவிச் சோள ரொட்டியில் விழ வைத்துக்கொண்டிருந்தார். குளிர்பானமும் காசுப் பெட்டியும் ஒரு கனத்த அம்மாவின் பொறுப்பு. வண்டியின் பக்கவாட்டில் கன்னம் உப்பிய ஆண்களின் புகைப்படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. எவோதியோ அவற்றைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது விலைப் பலகையை.

இரண்டு டாக்கோ வைத்த தட்டு நாற்பது பெசோ. சர்க்கரை போட்ட புளித் தண்ணீர் இருபது.

யாதிரா மூன்று தட்டு சாப்பிட்டு, ஒரு புளித் தண்ணீர் குடித்தால் நூற்று நாற்பது. தான் எதையும் தொடாமல் இருந்தால் மானம் தப்பும். எவோதியோ நிம்மதியாக மூச்சு விட்டான்.

“எவோதியோ, சாப்பிடறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள் யாதிரா.

அவனுக்குப் பகீரென்றது. இரண்டு வருடமாக அவன் பயந்தது இதற்குத்தான். எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லத்தான் ஒரு பெண் இப்படி ஆரம்பிப்பாள்.

“முதல்ல சாப்பிடு. எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்.”

மீசைக்காரர் யாதிராவின் முன் ஒரு தட்டை வைத்துவிட்டு, எவோதியோவை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். “தம்பிக்கு?”

“கொஞ்சம் பொறுத்து அண்ணே.”

டாக்கோ வண்டிக்கு வந்து பொறுத்துக்கொள்கிற ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. மீசையைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார்.

யாதிரா ரசித்துச் சாப்பிட்டாள். கறிமேல் விழுந்த அன்னாசித் துண்டை முதலில் எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் தின்ற ஒரே ஒரு பன்னோடு இருந்த எவோதியோவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு கூவியது. காசு கேட்காத சாமான்கள் பலகையின் மேல் கிண்ணம் கிண்ணமாக இருந்தன. முள்ளங்கித் துண்டு, எலுமிச்சை, சுட்ட வெங்காயம் என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். பிறகு ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருந்த சட்னியில் ஒரு கரண்டி எடுத்து விழுங்கினான்.

அது சொட்டுச் சொட்டாகத் தொட்டுக்கொள்ள வேண்டிய மிளகாய்ச் சட்னி. ஒரு கரண்டி என்பது ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு வரும்.

“எவோதியோ! அழறியா?”

“இல்ல… நீ இப்படிச் சாப்பிடறதைப் பார்த்தா… மனசு நெறைஞ்சுடுச்சு.”

காது வழியாகப் புகை வராத குறை. வேறு வழியில்லாமல் தானும் ஒரு புளித் தண்ணீர் வாங்கிக் குடித்தான். கையிருப்பு அத்தோடு சரியாகப் போயிற்று.

யாதிரா இரண்டாவது தட்டில் பாதியிலேயே கையை நிறுத்தினாள். “நீ சாப்பிடாம எனக்கு இறங்க மாட்டேங்குது. போதும் விடு.”

“நான் சாப்பிட்டாச்சே!”

“எப்போ?”

“நீ அந்தப் பக்கம் திரும்பினப்போ.”

“தட்டு எங்க?”

எவோதியோவின் வலப்பக்கம் ஒரு டாக்ஸிக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலி தேவைப்படுகிற உடம்பு. அவர் முன்னால் காலித் தட்டுகள் கிடந்தன. எவோதியோ யோசிக்காமல் அதில் ஒன்றைத் தன் முன்னால் இழுத்து வைத்தான். “இதோ.”

யாதிரா திருப்தியாகச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். ஒரு தட்டோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த டாக்ஸிக்காரர் அதைப் பார்த்துவிட்டார், பார்த்துத் தன் வழியில் புரிந்துகொண்டார். அடுத்த தட்டைக் காலி செய்ததும் முழங்கையாலேயே அதை இந்தப் பக்கம் தள்ளினார்.

“எடுத்துக்க தம்பி. வெக்கப்படாதே” என்று கிசுகிசுத்தார்.

இந்தக் காலத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று எவோதியோ நெகிழ்ந்து போனான். டாக்ஸிக்காரர் தின்னத் தின்னத் தட்டு வந்துகொண்டே இருந்தது.

“அஞ்சு தட்டா? என்கிட்ட பேசிக்கிட்டேவா?” என்று கண்ணை விரித்தாள் யாதிரா.

“எனக்குக் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி.”

“ஏழு!” என்றாள் சற்று நேரம் கழித்து. அவள் குரலில் பெருமையே இருந்தது. மீசைக்காரர்கூடக் கத்தியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். பின்னே எவோதியோவுக்குத் தலைகால் புரியுமா? ஒன்பது தட்டு சேரும் வரைக்கும் அவன் அசையாமல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் டாக்ஸிக்காரர் எழுந்தார்.

எங்கள் ஊரில் டாக்கோ வண்டியில் யாரும் சீட்டு எழுதி வைப்பதில்லை. தின்று முடித்துவிட்டு எத்தனை என்று நாமே சொல்ல வேண்டும். பதினொரு தட்டு தின்ற அந்த மனிதர் தன் முன்னால் மிச்சமிருந்த தட்டுகளைப் பார்த்தார். “ரெண்டு தட்டு அக்கா” என்று சொல்லி எண்பது பெசோவை வைத்தார். போகிற போக்கில் எவோதியோவின் தோளைத் தட்டி, “நல்லா இரு தம்பி” என்று வாழ்த்திவிட்டும் போனார்.

இப்போது எவோதியோவின் பேரில் ஒன்பது தட்டு. யாதிராவின் மூன்று தட்டு. இரண்டு புளித் தண்ணீர். எல்லாம் சேர்ந்து ஐந்நூற்று இருபது. கையில் நூற்று அறுபது. ஓடலாமென்றால் அவள் கூட இருக்கிறாள். கடிகாரத்தைக் கழற்றி வைக்கலாமென்றால் அது போன மாதமே நின்றுபோன கடிகாரம்.

“எவோதியோ, இப்பவாவது நான் சொல்லவந்ததைக் கேளேன்” என்றாள் யாதிரா.

“ஒரே நிமிஷம்!” அவன் குரல் கீச்சிட்டது.

காசுப் பெட்டி அம்மா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார். “தம்பிக்கு எத்தனை?”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவன் முடிவு செய்தான். யாதிரா இனிமேல் முகம் பார்த்துப் பேசமாட்டாள். சரக்கு அறையின் இருட்டில் காலம் தள்ள வேண்டியதுதான். கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்தத் தடவை சட்னியால் இல்லை.

“அக்கா, அது வந்து… இந்தத் தட்டெல்லாம்…”

“ஒன்பது!” என்று முந்திக்கொண்டாள் யாதிரா. “நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்!”

“ஒன்பதா!” அந்த அம்மா போட்ட சத்தத்தில் சந்தைப் பக்கம் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. “யாரும் நகராதீங்க! இங்க ஒருத்தர் ஒன்பதுல நிக்கிறாரு!”

மீசைக்காரர் கத்தியால் தகரத்தில் டங் டங்கென்று தட்டினார். கூட்டம் திரும்பியது. எவோதியோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்ன முழிக்கிறே? போட்டோவுக்கு மேல எழுதியிருக்கிறதைப் படிக்கலையா? பத்துத் தட்டு தின்னவருக்குக் காசு கிடையாது. கூட வந்தவங்களுக்கும் கிடையாது. ஒன்பதோட எழுந்தா முழுக் காசும் கட்டணும்” என்றார் அந்த அம்மா. பிறகு குரலை இறக்கி, “இன்னும் ஒரே தட்டு தம்பி. வயித்துல இடம் இருக்கா?” என்று கவலையாகக் கேட்டார்.

எவோதியோ பலகையைப் பிடித்துக்கொண்டான். “முயற்சி… பண்ணிப் பார்க்கறேன் அக்கா.”

பத்தாவது தட்டு வந்தது. இரவுப் பணி முடிந்த இரண்டு நர்ஸுகள், ஒரு போலீஸ்காரர், கல்யாணத்தில் வாசித்துவிட்டு வந்த கிட்டார்க்காரர் இருவர் என்று அவனைச் சுற்றி வளையமே கட்டிவிட்டார்கள்.

“மெதுவா தம்பி, மூச்சு விட்டுட்டுச் சாப்பிடு!”

“பெல்ட்டைத் தளர்த்துப்பா!”

“சிஸ்டர், நீங்க கிட்டயே நில்லுங்க. எதுக்கும் இருக்கட்டும்.”

எவோதியோ முதல் வாய் வைத்தான். கறியின் சூடும் அன்னாசியின் இனிப்பும் எலுமிச்சையின் புளிப்பும் நாக்கில் ஒன்றாக இறங்கின. அவன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் தின்றதில்லை. இரண்டு டாக்கோவும் ஆறே வாயில் காணாமல் போயின. தட்டில் ஒட்டியிருந்த கொத்தமல்லியையும் விரலால் ஒற்றி எடுத்தான்.

“கடவுளே! பத்தாவது தட்டை இப்பதான் முதல் வாய் வைக்கிறவன் மாதிரித் திங்கிறான் பாரு!” என்று மார்பில் கை வைத்துக்கொண்டார் ஒரு நர்ஸ்.

கைதட்டல் ஓயவே இல்லை. காசு மிச்சம், மானம் மிச்சம். புத்தி உள்ளவன் அந்த இடத்தில் எழுந்திருப்பான். ஆனால் எவோதியோவின் வயிற்றுக்குள் அந்த நாளில் முதல்முறையாக உருப்படியாக ஏதோ போயிருந்தது. அது இன்னும் கொஞ்சம் கேட்டது.

“அண்ணே, இன்னொரு தட்டு கிடைக்குமா?”

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

பதினொன்று போயிற்று. பன்னிரண்டும் போயிற்று. பதின்மூன்றாவதைக் காலி செய்தபோது, “மல்யுத்தக்காரன் ஒருத்தன் பன்னிரண்டோட நிறுத்தினதுதான் இதுவரைக்கும் பெருசு” என்று யாரோ சொன்னார்கள். பதினான்கில் கிட்டார்க்காரர்கள் கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தார்கள். நர்ஸுகள் ஆடினார்கள். முதலில் உற்சாகமாகச் சீவிக்கொண்டிருந்த மீசைக்காரர் மட்டும் போகப்போக முகம் வாடி, மெலிந்துபோன கறிக்கம்பியையும் எவோதியோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

படம் எடுத்தார்கள். கன்னம் உப்பியிருக்க, எவோதியோ பல் தெரியச் சிரித்தான். படம் எடுத்த கையோடு யாதிரா அவன் கையை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. ஆள் இருக்கிற பெண் செய்கிற காரியமில்லை அது. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“இப்பவாவது சொல்ல விடுவியா?” என்றாள் அவள், முகம் சிவந்து.

“சொல்லு. என்ன வேணும்னாலும் சொல்லு.”

அவள் வாயைத் திறப்பதற்குள், காசுப் பெட்டி அம்மா வண்டிக்குள்ளிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, வெறும் கம்பியாக நின்ற கறிக்கம்பியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“யாதிரா, நீ சொன்ன மாதிரியே பையன் தங்கம்தான்டி, எனக்குப் பூரண சம்மதம்; ஆனா இந்த மாப்பிள்ளைக்கு ஆக்கிப் போடணும்னா உங்கப்பா இன்னொரு வண்டி வாங்கணும்!”