மலையை இடமாகச் சுற்றிய ரயில்

திருவண்ணாமலையில் பிறந்தவனுக்கு வலது கை எது, இடது கை எது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரிவலம் போகும்போது மலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் வலது. நடை பழகிய நாளிலிருந்து நானும் அப்படித்தான் சுற்றியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், பெண் கொடுக்க வந்தவர்கள் முன்னால் வலதையும் இடதையும் கோட்டை விட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். எல்லாவற்றையும் துறக்கப் போவதாக வந்தவர், முதலில் துறந்தது ஒரு பொம்மை ரயிலை. அதை என்னிடம் கொடுத்துவிட்டார். (துறக்க வந்த மனுஷன் அதைக் கடல் தாண்டி எதற்குச் சுமந்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று பயம்.)

விழுப்புரத்திலிருந்து காட்பாடி வரை எல்லா ஸ்டேஷனோடும் வீட்டுக் கூடத்தில் ஒரு பாதை போடுவது என் திட்டம். அதற்கு முன் கை பழகுவதற்காக, கழற்றிப் போட்டிருந்த பழைய கதவின் மேல் சின்னதாக ஒன்று செய்தேன். வட்டமாகத் தண்டவாளம், நடுவில் காகிதக் கூழில் அண்ணாமலை, உச்சியில் தீபத்துக்கு டார்ச் பல்பு. கரண்டுக்கு டார்ச் செல்களை வரிசையாக அடுக்கி, சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டி, ரெண்டு ஒயர் இழுத்திருந்தேன். ரெண்டும் சிவப்பு. தாலுகா ஆபீஸ் கிளார்க்கான நான், வீட்டுக்குள் ரயில்வே மந்திரி மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன்.

அதே சமயத்தில் எனக்குப் போளூரில் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் வாசுகி, பி.எஸ்சி. பிசிக்ஸ். காபி டம்ளரை நீட்டும்போது என்னை நேராகப் பார்த்தாள். (தலையைக் குனிந்துகொண்டது நான்தான்.) கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பா வந்து எங்கள் வீட்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவர் தன் மச்சினரோடு வந்தார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். காகித மலையைப் பார்த்ததும் "அட, நம்ம மலை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத் தாலியே கட்டி முடித்த மாதிரி இருந்தது. அன்று காலையில்தான் வேலை முடிந்திருந்தது. ரயில் ஓடுகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. ஒயரை மாட்டினேன். ரயில் கிளம்பியது. அவர் முகம் சுருங்கியது.

"தம்பி, மலை எந்தக் கைப் பக்கம் வருது?"

குனிந்து பார்த்தேன். "இடதுங்க."

"அப்படி யாராச்சும் சுத்துவாங்களா?"

"ஒரு நிமிஷங்க" என்று ரயிலைத் தூக்கி, மூஞ்சியை மறுபக்கம் திருப்பி வைத்தேன். எந்த மாட்டைத் திருப்பி விட்டாலும் திரும்பின பக்கம்தானே போகும்? இது போகவில்லை. பழையபடி அதே திசையில், இப்போது பின்பக்கமாக ஓடியது.

"இப்ப பின்னாடியே போவுது பாருங்க, மாமா" என்றார் மச்சினர்.

அம்மா என்னைக் காப்பாற்ற வந்தாள். "இது சும்மா பழகறதுக்குப் பண்ணதுங்க. அடுத்து பெரிசாப் பண்ணப் போறான்."

"இதைவிடப் பெரிசா வேறயா?" என்று அவர் எழுந்துவிட்டார். தட்டில் கேசரி அப்படியே இருந்தது.

சகுனம் சரியில்லை என்று தரகர் மூலம் சேதி வந்தது. அந்தக் கதவை வெந்நீர் அடுப்பில் வைக்கப் போவதாக அம்மா சொன்னபோது, எனக்குத் தடுக்கக்கூடத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் பெண்ணின் அப்பா நின்றார். பின்னால் வாசுகி! நிச்சயம்கூட ஆகாத பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது எங்கள் தெருவில் கேள்விப்படாத சங்கதி. எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் முளைத்தன.

"நடந்ததை வீட்ல சொன்னேன். அதுலேர்ந்து விடாம தர்க்கம் பண்றா" என்றார் அவர் சங்கடத்தோடு. "வந்து சரியா ஓட்டிக் காட்டறேன்றா. பாத்துட்டுப் போயிடறோம்."

வாசுகி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னும் அடுப்புக்குப் போகாத அந்தக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரயிலைத் திருப்பி வெச்சாத் திரும்பாதுப்பா. மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தா அதுக்கு என்ன? கரண்டு எந்தப் பக்கமா வருதோ, அப்படித்தான் போவும்." ரெண்டு ஒயரையும் அவிழ்த்தாள். இதை அங்கே, அதை இங்கே. அவ்வளவுதான். இன்ஜின் முன்னால் போக, மலை வலக்கைப் பக்கம் வர, ரயில் அழகாகச் சுற்றியது.

எனக்குக் கைதட்டத் தோன்றியது. என் மண்டையில் ஏறாத விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பாவிடம் வாதாடி ஜெயித்து, ஊர் என்ன பேசும் என்று பார்க்காமல், எனக்காகப் போளூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாளே! அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ரயில் ஒரு சுற்று முடிக்கும்வரை அவள் அப்பா கைகூப்பியபடி நின்றார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "நிச்சயம் பண்ணிடலாங்க. என் பொண்ணு இல்லன்னா உங்க பையன் ரொம்பக் கஷ்டப்பட்டுடுவான்."

காட்பாடிப் பாதையை நாங்கள் போடவே இல்லை. (வாசுகி போட்டிருப்பாள். என்னைக் கூட்டு சேர்த்துக்கொள்ளத்தான் அவள் தயாராக இல்லை.) ஃபியூஸ் போனால் தெருவே அவளைத்தான் கூப்பிடும். எனக்கு ஒயர், பிளக், செல் எதையும் தொட அனுமதி கிடையாது. போன மாதம் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. அவள் கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, புது செல்லை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த எங்கள் மகள் அலறினாள்:

"அப்பா, எறங்குங்க! அம்மா வரட்டும். கடிகாரம் இடப்பக்கமா சுத்தப் போவுது!"