கூட்டல் குரு சேர்த்த எழுத்து

அந்த வாரம் ஆறாவது மாடிக்கு லிஃப்ட் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. கட்டடத்தில் மொத்தம் இருபத்தெட்டு ஆய்வுக்கூடங்கள். இருபத்தெட்டும் காலி. எலிகள் கூண்டுக்குள் நிம்மதியாகக் கால் நீட்டித் தூங்கின. எலியை அறுப்பவர்கள், ஈஸ்ட்டை வளர்ப்பவர்கள், பாசியைப் பிழிபவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆறாவது மாடியில் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் முனைவர்கள். வரிசையில் முந்துவதற்கு முழங்கையைப் பயன்படுத்துவதில் மட்டும் முனைவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

விஷயம் இதுதான். உயிரியலில் எதையாவது கண்டுபிடித்து, அதைக் குழாயில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்காமல் கடைக்குக் கொண்டுவரத் தயாராக இருப்பவர்களுக்கு அரசு மானியம் தருகிறது. முந்நூறு பேர் கேட்பார்கள். ஒன்பது பேருக்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பக் கதவை மூடிவிடுவார்கள். அந்த ஒன்பது பேர் யார் யார் என்பது ஆறாவது மாடியில் வாடகைக்கு அறை எடுத்திருக்கும் கூட்டல் குருவின் விரல் நுனியில் இருக்கிறது என்று கட்டடமே நம்பியது.

குருவுக்கு ஜடாமுடி இல்லை, தாடி இல்லை. கோட்டும் டையும் போட்டு, கையில் ஒரு கால்குலேட்டர் வைத்திருந்தார். யாரையும் விழுந்து கும்பிடச் சொல்லவில்லை, கூட்டத்தான் சொன்னார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், எண்களைக் கூட்டினால் விதி. அவ்வளவுதான். "இது மூடநம்பிக்கை கிடையாதுங்க, கணக்கு" என்று வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள். சுவரில் போன வருடம் மானியம் வாங்கிய ஒன்பது பேரின் படங்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

வரிசையில் நாற்பதாவதாக நின்றவர் கட்டுக்காரர். அவர் ஏழு வருடம் உயிரைக் கொடுத்து ஒரு காயக்கட்டு செய்திருக்கிறார். உள்ளே புண் அழுகத் தொடங்கினால் மேலே துணி நீலமாக மாறும். அவருடைய அப்பாவின் கால் போனதே, கட்டுக்குள் புண் புரையோடியது யாருக்கும் தெரியாததால்தான். மானியம் வந்தால் அந்தக் கட்டு மருத்துவமனைகளுக்குப் போகும். வராவிட்டால் மாத முடிவில் ஆய்வுக்கூடத்தைக் காலி செய்ய வேண்டும். கட்டு குப்பைக்குப் போகும், அவர் மாமனாரின் டயர் கடைக்குப் போவார். டயர் மேல் அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் டயருக்குப் புண் வருவதில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர் முறை வந்தது. குரு விண்ணப்பத்தைப் புரட்டினார். பதினான்காம் பக்கத்தில் ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துகள் மாறி மாறிப் பக்கம் முழுக்க எறும்பு போல ஊர்ந்தன. துணியை நீலமாக்கும் புரதத்தின் மரபணு அது. குரு அதன் மேல் விரலை ஓட்டினார்.

"எழுநூத்து நாப்பத்தொண்ணு. கூட்டினா மூணு. முக்காலி சார் இது, உக்காந்தா கவுந்துடும்."

"என்ன பண்ணலாம் ஐயா?"

"முதல் மூணு எழுத்துக்கு அப்புறம் ஒரு ஏ போடுங்க. நாலு வந்துடும். நாற்காலி. மானியம் தானா வந்து உக்காரும்."

கட்டுக்காரர் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். மனசு லேசாக இருந்தது. மூளையை மேலேயே வைத்துவிட்டு வந்தால் யாருக்கும் லேசாகத்தான் இருக்கும்.

இரண்டாவது மாடியில் அவருடைய ஆய்வுக்கூடம். அங்கே அவருக்கு உதவியாக இருப்பவள் அவர் மச்சினி. மனைவியின் தங்கை, டயர் கடைக்காரரின் கடைக்குட்டி. அவர் பக்கத்தைத் திருத்துவதை எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரே ஒரு எழுத்து."

"மரபணுவுலயா?"

"பேப்பர்லதான். குழாய்ல இருக்கிறதை யாரு தொட்டா?"

"படிக்கிறவங்க பேப்பரைத்தானே படிப்பாங்க. மூணு மூணு எழுத்தாப் பிரிச்சுப் படிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்." அவள் ஒரு துண்டுச்சீட்டை எடுத்து 'மரம் படம் பழம்' என்று எழுதினாள். "மரத்துக்கு அப்புறம் ஒரு 'க' சேர்க்கிறேன். இப்போ மூணு மூணாப் படிங்க."

அவர் படித்தார். "மரம், கபட, ம்பழ, ம்."

"உருப்படியா வந்த ஒரே புதுச் சொல் என்னன்னு பாத்தீங்களா?"

அவர் பார்க்காத மாதிரி இருந்தார். "முக்காலி கவுந்துடுமாம்மா" என்றார் ஈனசுரத்தில்.

"முக்காலி எந்தத் தரையிலயும் ஆடாது மாமா. காலுக்கு அடியில அட்டை மடிச்சு வைக்கிறது எல்லாம் நாற்காலிக்குத்தான். நம்ம லேப்ல இருக்கிறதே சாட்சி."

அவர் குனிந்து அந்த நாற்காலியின் காலடி அட்டையைப் பார்த்தார். ஆனாலும் பயம் போகவில்லை. "ஒன்பது பேர் படம் மாட்டியிருக்காங்கம்மா. எனக்கு இதை விட்டா வேற வழியில்ல."

மச்சினிக்கு அவர் மேல் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. "சரி, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அனுப்பாதீங்க. தினமும் நான் செய்யற வேலையைத்தான் செய்யப் போறேன். ஒரு சாம்பிளை நம்பறதுக்கு முன்னாடி என்ன பண்ணச் சொல்வீங்க?"

"மூணு குழாய்ல ஊத்தி சோதிச்சுப் பாக்கணும். மூணும் ஒத்துப் போகணும்" என்றார் அவர், தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற வேகத்தில்.

"அதேதான்."

குரு சரி என்று சொல்லித் திருத்திய அந்தப் பக்கத்தையே அவள் மூன்று பிரதி எடுத்தாள். மூன்று உறையிலும் மாமாவின் பெயர், மாமாவின் பிறந்த தேதி. வெள்ளிக்கிழமை காலை வரிசையில் நின்ற எலிக்காரம்மா, ஈஸ்ட்டுக்காரர், பாசிக்காரர் மூவரிடமும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். "மாமாவுக்கு டோக்கன் கிடைக்கல, உங்களோடதோட சேர்த்து இதையும் காட்டிடுங்க, சொல்றதை எழுதி வாங்கிட்டு வாங்க." மூவரும் பரம பக்தர்கள். அடுத்தவர் கையிலும் இதே உறை இருப்பது ஒருவருக்கும் தெரியாது. பத்து மணிக்கு ஒருவர், பதினொன்றுக்கு ஒருவர், பன்னிரண்டுக்கு ஒருவர் என்று உள்ளே போனார்கள்.

ஒரு மணிக்கு ஆறாவது மாடி அரங்கத்தில் 'கூட்டுக் கூட்டல்'. தனியாகப் பார்க்க முடியாத ஏழை விஞ்ஞானிகளுக்கு மொத்தமாக அருள் பாலிக்கும் நிகழ்ச்சி. இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குரு மைக்கைத் தட்டினார். "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தெம்பில்.

மச்சினி எழுந்தாள். கட்டுக்காரர் இருக்கைக்குள் குறுகினார்.

"ஐயா, நேத்து எங்க மாமா பக்கத்துல ஒரு ஏ சேர்த்தீங்க. இனிமே கச்சிதம்னு சொன்னீங்க. இன்னைக்கு அதே பக்கம், அதே பேரு, அதே தேதி, மூணு தடவை உங்க கைக்கு வந்துச்சு. நீங்க சொன்னதை வாங்கிட்டு வந்தவங்களே படிக்கட்டும்."

எலிக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மொத்தம் நாலு. நாலு பேர் தூக்கிட்டுப் போற எண். ஒரு ஏ-வை வெட்டவும்."

"மொத்தம் ஏழு. ரெண்டு ஜி சேர்க்கவும்" என்றார் ஈஸ்ட்டுக்காரர். குரல் ஏற்கெனவே கம்மிவிட்டது.

பாசிக்காரர் சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "மொத்தம் ஒன்பது. மூணு டி எடுக்கவும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குரு கையை உயர்த்தினார். "நம்பிக்கை இல்லாதவங்க தொட்டா எண் ஓடி ஒளிஞ்சுக்கும்."

"நான் மூணு வருஷமா உங்களை நம்பறேன்" என்றார் எலிக்காரம்மா. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நேரத்துக்கு நேரம் கிரகக் கதிர் மாறும்மா. நேத்து எண் வேற, இன்னைக்கு எண் வேற."

"பாக்கெட் பால்கூட ரெண்டு நாள் கெடாம இருக்கும் ஐயா" என்றாள் மச்சினி. "மானியம் தர்றவங்களுக்கு விண்ணப்பத்தைப் படிக்கவே மூணு மாசம் ஆகும்."

இப்போது அரங்கமே சிரித்தது. பாசிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அரங்கச் சுவரிலும் மாட்டியிருந்த அந்த ஒன்பது படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, நானும் மூணு வருஷமா வர்றேன். என் படம் எங்க?" என்று எழுந்தார்.

"என் படம்?" ஈஸ்ட்டுக்காரர் எழுந்தார். அப்புறம் முன்வரிசையில் நாலு பேர், நடுவில் பத்துப் பேர். நாற்காலிகள் தரையில் கிரீச்சிட, அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. மூன்று வருடமாக ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு நின்றவர்கள், தாங்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தார்கள். குரு எண்ணவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். லிஃப்ட் வரவில்லை. கோட்டும் டையுமாக ஆறு மாடியையும் படியிலேயே இறங்கினார். கால்குலேட்டர் மேசையிலேயே கிடந்தது. அதில் பேட்டரி இல்லை என்பதை அப்போதுதான் ஒருவர் எடுத்துப் பார்த்தார்.

கட்டுக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரோடு இரண்டாவது மாடிக்கு ஓடினார். அந்த ஏ-வை அழித்தார். மூன்று மூன்றாகப் பிரித்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மச்சினி ஒரு தடவை படித்தாள். பிறகு அவர் மறுபடியும் படித்தார். நாலு மணி முப்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

மூன்று மாதம் கழித்து மானியம் வந்தது. இன்றைக்கு இரண்டு மருத்துவமனைகளில் அந்தக் கட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். மானியக் கடிதத்தோடு எல்லாருக்கும் பொதுவான ஒரு குறிப்பும் இருந்தது. மரபணுப் பக்கங்களை முதலில் கணினி படித்ததாம். அர்த்தமில்லாமல் எழுத்து கூடியும் குறைந்தும் இருந்த நாற்பத்தோரு விண்ணப்பங்களை மனிதர் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். குருவின் பேச்சைக் கேட்டுத் திருத்தி, வெள்ளிக்கிழமைக்கு முன்பே அனுப்பி, திரும்பப் பெற முடியாமல் தவித்தவர்களுடையவை அவை. அதில் புற்றுநோய்க்கான மருந்து இருந்ததா, குழந்தைகளின் காய்ச்சலுக்கான மருந்து இருந்ததா என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்களோ எனக்குத் தெரியாது. உங்கள் முறை வருவதற்குள், இதே கேள்வியை வேறு மூன்று பேர் கையில் கொடுத்தனுப்பினால் இதே பதில்தான் வருமா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. அந்த நாற்பத்தோரு பேரிடமும் பட்டம் இருந்தது.